பிழைதிருத்தத்திற் புகும் பிழை

அச்சுக்கூடங்களிற் பழகியோர் ஒரு காட்சியை அறிவர். நூலாசிரியர் பிழைதிருத்தத் தாளில், "பன்னிரண்டாம் பக்கத்து ஏழாம் வரியில் இச்சொல்லை நீக்கி அச்சொல்லை இடுக" என்று குறித்து அனுப்புவார். எழுத்துக்கோப்பவர் அப்பக்கத்தை எடுத்து நோக்குங்கால் அவ்வரியில் அச்சொல் இல்லையாயின், வேலையை அந்த அளவில் நிறுத்தித் தாளுங் கையுமாக நூலாசிரியரிடம் மீண்டு வருவார். "ஐயா, தாங்கள் குறித்த சொல் அங்கே இல்லையே" என்பார். பக்க எண் தவறோ, தாள் பழைய அச்சுப்படியை நோக்கி எழுதப்பட்டதோ, வேறு யாரேனும் முன்னரே திருத்திவிட்டனரோ என்பது அதன்பின் ஆராயப்படும். அவ்வாறு கேட்கும்படி அவருக்கு எவரும் விதித்ததில்லை; கேட்காதிருத்தல் அவருக்கு இயலாது என்பதே உண்மை.

இதே திருத்தத்தை யந்திரத்திடம் ஒப்புவிக்கும்போது அவ்வினா இல்லாதொழிகின்றது. யந்திரம் குறித்த சொல்லைத் தேடும், காணாது, கோப்பை இருந்தபடியே வைத்துவிட்டு வேலை முடிந்ததென அறிவிக்கும். கணினிச் செய்நிரல்களைக் கட்டியெழுப்பும் கட்டளைக்கோவைகளில் நேரும் பிழைகளுட் கண்டுபிடித்தற்கு மிக அரியவை இவ்வொரு மௌனத்தினின்று பிறப்பன.

ஈண்டுக் கட்டியெழுப்புதல் என்றது யாதெனின், மனிதர் எழுதிய மூலக்கோப்புகளை மொழிபெயர்த்து, இணைத்து, வேண்டிய அமைப்புகளைப் பொருத்தி, பயன்படுத்துவோர் கையிற் கொடுக்கத்தக்க செய்நிரலாக ஆக்கும் முழு வேலையுமாம். இவ்வேலை ஒரு நாளிற் பன்முறை நிகழ்வதாகலின், அதனைக் கையாற் செய்வது வழக்கமன்று. செய்யவேண்டிய கட்டளைகளையெல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து, ஷெல் என்னும் செய்நிரலிடம் ஒப்படைப்பர். ஷெல் என்பது ஓடு எனப் பொருள்படும். பணிசெயல் முறைமையின் உட்கருவைச் சூழ நின்று பயனர் கட்டளைகளை ஏற்பதனால் அப்பெயர் பெற்றது. 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையில் ஷெல் வளர்ந்தது; 1979 இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ண் இயற்றிய ஷெல் இடம்பெற்றது. இன்று கட்டளைக்கோவைகள் எழுதப்படும் முறை பெரும்பாலும் அவர் வகுத்ததன் வழிவந்ததே.

ஷெல்லின் கீழ் இயங்கும் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். இதனை முடிவெண் எனலாம். சுழியம் எனின் வெற்றி. வேறெந்த எண்ணாயினும் தோல்வி. வெற்றிக்கு ஒரே எண்ணும் தோல்விக்குப் பல எண்களும் வைத்தமை பொருத்தமானதே. வெற்றி ஒருவகைத்து, தோல்விக்குக் காரணங்களோ பல. கட்டளைக்கோவை முழுவதும் இவ்வெண்ணை நம்பியே நடக்கின்றது. கட்டுமான வேலையை மேற்பார்க்கும் மேக் என்னும் கருவியும் அவ்வாறே; சுழியமல்லாத எண்ணைக் கண்டவிடத்து அது நின்றுவிடும். 1976 இல் மேக் கருவியை ஸ்டுவாட் பெல்ட்மன் இயற்றிய வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. அவருடன் பணிபுரிந்த ஸ்டீபன் ஜோன்சன் தம் செய்நிரலிலுள்ள ஒரு பிழையைத் திருத்திவிட்டார். ஆயினும் திருத்திய கோப்பு மீண்டும் மொழிபெயர்க்கப்படாமையாற் பழைய பிழையே தோன்றிக்கொண்டிருக்க, சரியான நிரலிற் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கினார். அதனைக் கேட்டதே மேக் பிறப்பதற்கு ஏதுவாயிற்று. திருத்தம் நிகழ்ந்தது என்று நம்பியிருக்க அது சென்று சேராமை அக்காலத்திலேயே அறியப்பட்ட நோய் என்பது இதனாற் புலனாகும்.

கட்டுமானத்தின்போது கோப்புகளைத் தானாகவே திருத்துதற்குப் பெரும்பாலும் எடுக்கப்படும் கருவி செட் என்பது. பெல் ஆய்வுகூடத்து லீ மக்மேன் 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் இதனை ஆக்கினார். இதற்குத் தாய் எனத்தக்கது தொம்சன் எழுதிய எட் என்னும் பழைய திருத்தி. எட் பேச்சிற் சிக்கனமானது. எப்பிழை நேரினும் '?' என்னும் ஒரு குறியையே விடையாக அளிக்கும். புதியோரை இது திகைக்கச் செய்ததில் வியப்பில்லை. ஆயினும் அச்சிறு குறியில் ஒரு நேர்மை இருந்தது. மாற்றவேண்டிய சொல் காணப்படாவிடின் எட் அதனைப் பிழையென்றே கொள்ளும். கட்டளைகள் ஒரு கோப்பினின்று ஊட்டப்படுமாயின், சுழியமல்லாத முடிவெண்ணுடன் நின்றுவிடும். எழுத்துக்கோப்பவர் திரும்பி வருதல் போன்றது இது.

மகவாகிய செட் அவ்வாறு செய்யாமைக்குத் தக்க காரணம் உண்டு. எட் ஒரு கோப்பைத் திறந்துவைத்து, குறித்த வரிக்குச் சென்று வேலை செய்வது. செட்டோ ஆற்றோட்டம்போல் வந்துகொண்டிருக்கும் வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நோக்கி, தனக்குச் சொல்லப்பட்ட கோலம் பொருந்தும் வரியை மாற்றியும், பொருந்தாத வரியை வாளா விட்டும் கடத்துவது. ஆயிரம் வரிகளுள் ஒன்றே பொருந்துவது இயல்பு. பொருந்தாத வரிதோறும் பிழையென்று கூவுமாயின் அதனால் ஒரு பயனும் இல்லை. ஆதலின், ஒரு வரியேனும் பொருந்தாது போயினும் செட்டின் நோக்கில் அது பிழையன்று. தான் வரிகளைப் படித்தேன், விதித்தபடி நடந்தேன், எழுதினேன் என்பதே அதன் சுழியத்திற்குப் பொருள். கட்டளைக்கோவை எழுதியவரோ அச்சுழியத்தைத் 'திருத்தம் நிகழ்ந்தது' என்று வாசிக்கின்றார். இவ்விரு பொருள்களுக்கும் இடையேயுள்ள வெளியிலேயே கேடு புகுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டு. நோயாளர் விவரங்களைப் பேணும் ஒரு செய்நிரலின் அமைப்புக்கோப்பிற் 'சோதனை=ஆம்' என்றொரு வரி உளதெனக் கொள்க. ஆக்குவோர் பிழை தேடும்பொருட்டு வைத்தது அது. அந்நிலையிற் செய்நிரல் தான் காண்பதையெல்லாம், பயனர் தட்டெழுதும் கடவுச்சொற்கள் உட்பட, ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும். வெளியிடுமுன் 'ஆம்' என்பதை 'இல்லை' என மாற்றும்படி கட்டளைக்கோவையில் ஒரு செட் கட்டளை எழுதப்பட்டிருக்கின்றது. நெடுங்காலம் யாதொரு குறையுமின்றி நடக்கின்றது. ஒருநாள் வேறொருவர், கண்ணுக்கு அழகாயிருக்கும் பொருட்டுச் சமக்குறியின் இருபுறமும் ஓர் இடைவெளி விடுகின்றார். அவர் செய்தது குற்றமன்று. செய்நிரல் இடைவெளியைப் பொருட்படுத்தாமல் அவ்வரியை முன்போலவே படிக்கும். ஆனால் செட் தேடும் கோலத்தில் இடைவெளி இல்லை. அன்று முதல் வெளியாகும் ஒவ்வொரு பிரதியும் சோதனைநிலையிலேயே மருத்துவமனைகளுக்குச் செல்லும். கட்டுமானக் குறிப்பில் ஒரு பிழைச் செய்தியும் இராது. எவரேனும் அக்குறிப்பேட்டைத் தற்செயலாகத் திறந்து பார்க்கும் நாள்வரை இது வெளிப்படாது. திறந்து பார்ப்பவர் நல்லவராயிருப்பார் என்பதற்கும் உறுதியில்லை.

காணாமையேயன்றி மிகையாகக் காணுதலும் உண்டு. செட்டிற்குக் கொடுக்கும் கோலத்திற் புள்ளி என்பது புள்ளியைக் குறிப்பதன்று. யாதேனும் ஓர் எழுத்து என்பதே அதன் பொருள். பதிப்பெண் 1.4 என்பதை 1.5 என மாற்றுக என்று எழுதியவர் இதனை மறந்தாராயின், 1 என்னும் இலக்கத்தின் பின் எதுவாயினும் ஒன்று வந்து அதன்பின் 4 வருமிடமெல்லாம் மாறும். அக்கோப்பில் இலங்கை சுதந்திரம் பெற்ற 1948 என்னும் ஆண்டு எழுதப்பட்டிருப்பின் அது 1.58 ஆகிவிடும். புள்ளிக்கு முன்னர் ஒரு சாய்கோடு இட்டிருந்தால் இது நேராது. அவ்வாறே மாற்றாக வரும் சொல்லில் '&' என்னும் குறி இருப்பின், செட் அதனை உம்மைக் குறியாகக் கொள்ளாது; 'கண்டெடுத்த சொல்லை இங்கே மீண்டும் இடுக' என்று கொள்ளும். உரிமையாளர் பெயரை '& மகன்' என முடியுமாறு நிரப்பப் புகுந்தவர், பெயரின் நடுவே பழைய சொல் வந்து குந்தியிருப்பதைக் காண்பார். இவற்றிலும் முடிவெண் சுழியமே.

கோப்பைப் படித்து அதே கோப்பிற்கு எழுத முயலுதல் இன்னும் கொடியது. செட்டின் வெளியீட்டை ஒரு கோப்பிற்குத் திருப்பிவிடும்படி சொன்னால், ஷெல் முதலில் அக்கோப்பை வெறுமையாக்கித் திறந்துவைத்த பின்னரே செட்டை இயக்கும். படிக்கவேண்டிய கோப்பும் அதுவே ஆயின், செட் வெறுமையைப் படித்து வெறுமையை எழுதி, வெற்றியுடன் முடியும். இதற்கு மருந்தாகவே புதிய செட்டுகளில் 'இருந்த இடத்தில் திருத்து' என்னும் தெரிவு சேர்க்கப்பட்டது. குனூ செட் அவ்விடத்து அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, முடிந்தபின் பழைய பெயருக்கு மாற்றுகின்றது. ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயலாய் நிகழ்வதனால், மற்றொருவர் பாதி எழுதிய கோப்பைக் காண நேராது. ஆயின் இத்தெரிவு எங்கும் ஒருபடித்தன்று. மக் கணினிகளிலுள்ள செட், பழைய பிரதிக்கு ஒரு பின்னொட்டு வேண்டுமென்று எதிர்பார்க்கும். அதனை அறியாது லினக்ஸில் எழுதிய கட்டளையை அங்கே கொண்டுபோனால், அடுத்து நின்ற தெரிவையே பின்னொட்டாக எடுத்துக்கொண்டு, விசித்திரப் பெயருடைய பிரதிகளைக் கோப்புறை நிறைய விட்டுச் செல்லும். அவையும் பொதியுள் அடங்கி ஊர்போய்ச் சேர்வதுண்டு.

இவற்றையெல்லாம் ஒருங்கே தடுக்கும் மந்திரம்போலக் கட்டளைக்கோவைகளின் தலையில் எழுதப்படுவது 'பிழையெனில் வெளியேறு' என்னும் விதி. ஷெல்லில் அது ஈ என்னும் ஓரெழுத்தாற் குறிக்கப்படும். அதனை எழுதுதல் நன்றே. ஆனால் அதன் எல்லை அறியாது நம்புதல் தீது. சுழியத்துடன் முடிந்த செட்டை அது ஒன்றும் செய்யாது. ஐயக்கூற்றின் நிபந்தனையாக நிற்கும் கட்டளை தோற்றாலும் அது வெளியேறாது. குழாய்களால் இணைக்கப்பட்ட கட்டளைத்தொடரிற் கடைசிக் கட்டளையின் முடிவெண்ணே தொடர் முழுவதற்கும் முடிவெண்ணாகலின், முதற்கட்டளை இடறிவிழுந்தாலும் கடைசியது வெற்றியெனின் அனைத்தும் வெற்றியே. பைப்பெயில் என்னும் தெரிவு இக்கடைசிக் குறையை நீக்குகின்றது. பல ஷெல்களில் நெடுங்காலம் வழங்கிய அது, பொசிக்ஸ் நியமத்தின் 2024 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இடம்பெற்றது.

மேக் கருவியிலும் ஒரு பொறி உண்டு. ஆக்கப்படும் கோப்புப் பாதி எழுதப்பட்ட நிலையிற் கட்டளை தோற்றால், மேக் நின்றுவிடும். ஆனால் அப்பாதிக் கோப்பைத் தானாக அழிக்காது. அடுத்தமுறை இயக்குங்கால், அக்கோப்பின் நேரம் மூலத்தினும் பிந்தியதாயிருத்தலைக் கண்டு, 'இது புதியது. செய்யவேண்டுவது ஒன்றுமில்லை' என்று மேக் கடந்துபோகும். முதன்முறை தோல்வியாகக் காட்டியது இரண்டாமுறை வெற்றியாகத் தோன்றும். "மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்" என்னும் அறிவுரை கட்டுமான வேலையில் ஆபத்தானது என்பதற்கு இதுவே சான்று. குனூ மேக்கில், தோல்வியுற்றால் இலக்கை அழிக்க என்று ஒரு வரி எழுதிவைத்தால் இது தவிர்க்கப்படும். அவ்வரி இயல்பாகவே விதியாயிருந்திருக்கலாம்.

பிழையை விழுங்கச் செய்தற்கும் ஒரு வழக்கு உண்டு. எக்கட்டளையின் பின்னரும் 'அன்றேல் ட்ரூ' என்று சேர்த்துவிட்டால், அக்கட்டளை தோற்றபோது ட்ரூ என்னும் கட்டளை இயங்கும். எப்பொழுதும் சுழியத்தையே தருவது அதன் ஒரே தொழில். அவசரத்தில் இருப்போர் தொல்லை தரும் கட்டளையை இவ்வாறு அமைதிப்படுத்துவர். இதன் விலையை 2024 இல் உலகம் ஒரு கோணத்திற் கண்டது. லினக்ஸ் முறைமைகளிற் பரவலாக வழங்கும் எக்ஸ்-இஸட் என்னும் சுருக்கற் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு நுழைக்கப்பட்டிருந்தது. சோதனைக் கோப்புகளுள் மறைத்துவைக்கப்பட்ட ஒரு ஷெல் கட்டளைக்கோவை, கட்டுமானத்தின்போது வெளிப்பட்டு, மேக் படிக்கும் கோப்பைச் செட் கொண்டு திருத்தி, தீய பகுதி உள்ளே இணையுமாறு செய்தது. அத்திருத்தங்களின் பின்னர் 'அன்றேல் ட்ரூ' என்பது எழுதப்பட்டிருந்தது. திருத்தம் ஓரிடத்திற் பலிக்காவிடினும் கட்டுமானம் நின்று எவர் கண்ணையும் ஈர்த்துவிடக் கூடாதென்பது எழுதியவர் கருத்துப் போலும். அதே விவகாரத்தில், ஒரு பாதுகாப்பு வசதி கணினியில் உளதா என்று பார்க்கும் சிறு சோதனை நிரலிற் பொருந்தாத புள்ளியொன்று இடப்பட்டிருந்தது. அதனாற் சோதனை நிரல் எந்நாளும் மொழிபெயர்க்கப்படாது. கட்டுமானமோ அத்தோல்வியை 'இவ்வசதி இங்கில்லை' என்று பொருள்கொண்டு, பாதுகாப்பை விட்டுவிட்டு மேலே சென்றது. தொலைக்கணினியுள் நுழைதற்கு ஏறத்தாழ அரைச் செக்கன் மிகுதியாகச் செல்வதை அவதானித்து அன்ட்றெஸ் பிறொயின்ட் என்பவர் ஆராய்ந்தமையாலேயே 2024 மார்ச் 29 ஆம் நாள் இச்சூழ்ச்சி வெளியாயிற்று. நல்லெண்ணத்துடன் எழுதுவோர் சோம்பலினாற் செய்வதையே தீயெண்ணத்துடன் எழுதியவர் கருதிச் செய்தார்.

இனி, கேட்கும் இயல்பில்லாத கருவியைக் கேட்கவைத்தல் எவ்வாறு? திருத்துமுன் எண்ணுதலே முதற்படி. கிரெப் என்னும் தேடற்கருவி, செட் போலன்றி, கோலம் காணப்படின் சுழியத்தையும், காணப்படாவிடின் ஒன்றையும், வேறு தடை நேரின் இரண்டையும் முடிவெண்ணாகத் தரும்; பொருந்திய வரிகள் எத்தனை என்று எண்ணியும் சொல்லும். மாற்றவேண்டிய வரி ஒன்றேயாயின், எண்ணிக்கை ஒன்றாயிருந்தால் மாத்திரம் மேலே செல்க என்று கட்டளைக்கோவையில் எழுதலாம். சுழியமும் தவறு, இரண்டும் தவறு. திருத்தியதைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, அதிற் புதிய வரி உளதா என்று மீண்டும் கிரெப்பினாற் பார்த்து, உளதாயின் பெயர்மாற்றிப் பழைய இடத்தில் அமர்த்தலாம். நான்கு வரிகளில் முடியும் வேலை இது.

ஆயினும் 'காணப்படவில்லை' என்பதை எப்போதும் பிழையெனக் கொள்ளுதலும் பொருந்தாது. கட்டளைக்கோவை ஒரே கோப்பின்மேல் இரண்டாமுறை இயங்கும்போது, முதன்முறையே திருத்தம் நிகழ்ந்துவிட்டமையாற் பழைய வரி இராது, அது நன்னிலையே. ஆகவே நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். பழைய வரி மாத்திரம் இருப்பின் திருத்துக. புதிய வரி மாத்திரம் இருப்பின் வாளா செல்க. இரண்டும் இல்லையெனின், அல்லது இரண்டும் உளவெனின், நின்று அறிவிக்க. இப்பின்னைய நிலைகளே மூலக்கோப்பு எழுதியவர் அறியாமல் மாறிவிட்டதைக் காட்டுவன. செட் ஒன்றையே நம்பியவர் காணமுடியாதனவும் இவையே. அறிவிக்கும்போது '?' என்று மாத்திரம் சொல்லாமல், எக்கோப்பில் எதனைத் தேடினேன் என்று சொல்லுமாறு எழுதினால், நள்ளிரவிற் கட்டுமானம் நின்றுபோய் எழுப்பப்படுபவர் வாழ்த்துவார்.

மூலக்கோப்பைத் திருத்தாமலே விடுதல் இதனினும் சிறந்தது. 1991 இல் டேவிட் மக்கென்சி தொடங்கிய ஓட்டோகொன்ஃப் இம்முறையைக் கைக்கொண்டது. நிரப்பவேண்டிய இடங்களில் இருபுறமும் '@' குறியிட்ட பெயர்களைக் கொண்ட ஓர் அச்சுக்கோப்பு இருக்கும். அதனைப் படித்து வேறொரு புதுக்கோப்பு எழுதப்படும். எத்தனை முறை இயக்கினும் தொடக்கம் ஒன்றேயாகலின் முன்கூறிய நிலைச்சிக்கல் இல்லை. நிரப்பப்படாது எஞ்சிய பெயர் யாதேனும் உண்டோ என்று '@' குறியைத் தேடிப் பார்த்தாற் போதும்.

பிறர் எழுதிய மூலத்தைத் திருத்தவேண்டியபோது இது இயலாது. லினக்ஸ் வெளியீடுகளைப் பேணுவோர் ஆயிரக்கணக்கான செய்நிரல்களைப் பிறரிடமிருந்து பெற்றுச் சிறுசிறு மாற்றங்களுடன் வெளியிடுவோராவர். அவர்களுக்கு உற்ற துணையாயிருப்பது 1985 இல் லாறி வால் இயற்றிய பட்ச். கிழிந்த துணிக்கு இடும் ஒட்டு என்பது அச்சொல்லின் பொருள். மாற்றவேண்டிய வரிகளுடன் அவற்றின் மேலும் கீழும் நிற்கும் வரிகள் சிலவும் அதற்குக் கொடுக்கப்படும். சூழல் சற்று இடம்பெயர்ந்திருந்தால் தேடிப் பொருத்தி, எத்தனை வரி தள்ளிப் பொருத்தினேன் என்று சொல்லும். பொருத்த இயலாத பகுதியைத் தனிக்கோப்பில் ஒதுக்கி வைத்து, ஒன்று என்னும் முடிவெண்ணுடன் முடியும். அச்சுக்கூடத்து எழுத்துக்கோப்பவருக்கு மிக அணித்தாய கருவி இதுவே. ஆயினும் ஒவ்வொரு வெளியீட்டிலும் சூழல் மாறுந்தோறும் ஒட்டைப் புதுக்கவேண்டியிருத்தலின், ஒரு சொல்லை மாற்றுதற்குச் செட்டையே நாடுவோர் பலர். ஜென்டூ வெளியீட்டார் அத்தகைய செட் கட்டளை ஒவ்வொன்றின் பின்னரும் 'அன்றேல் இறந்துபோ' என்று எழுதும் வழக்கினர். கோப்பு இல்லாமை, வட்டு நிறைதல் முதலியவற்றிற்கு அது காவலாகும். சொல் காணாமைக்கு ஆகாது.

நிக்ஸ் என்னும் பொதித்தொகுதியைப் பேணுவோர் இவ்விடத்தைச் சரியாகத் தொட்டனர். கோப்பிலுள்ள ஒரு சொல்லை மாற்றுதற்கு அவர்களிடம் நெடுங்காலம் ஒரே தெரிவே இருந்தது. சொல் காணாவிடத்து அதுவும் கட்டுமானத்தை நிறுத்தாது. 2024 ஆம் ஆண்டளவில் அத்தெரிவைக் கைவிடத்தக்கதென அறிவித்து, அதற்கீடாக மூன்றினை வைத்தனர். சொல் காணப்படாவிடின் கட்டுமானத்தை நிறுத்துவது ஒன்று; எச்சரித்துவிட்டுச் செல்வது ஒன்று; ஓசையின்றிச் செல்வது ஒன்று. மூன்றாவதற்கு 'மௌனமாக மாற்றுக' என்றே பெயர். இனி அங்கே மௌனத்தை விரும்புவோர் அதனைப் பெயர்சொல்லிக் கேட்டே பெறவேண்டும். அவ்வாறு கேட்டது கட்டளைக்கோவையைப் பின்னர் வாசிப்போர் எவர் கண்ணுக்கும் தெரியும்.